ஆறு வற்றிய வருடம்

குலைப்பன் கதை – 9ஆம் அத்தியாயம்

சென்ற அத்தியாயத்தைச் செகந்திராபாத்தில் நிறுத்தியிருந்தோம். 1897 ஆகஸ்ட் மாதம். ஹுசைன் கான் என்ற நோயாளி வலைக்குள் படுத்திருந்து, தன்னைக் கடித்த ஒவ்வொரு நுளம்புக்கும் ஓர் அணா வாங்கிக்கொண்டார். 20ஆம் திகதி அந்த நுளம்புகளில் ஒன்றை அறுத்துப் பார்த்த டொக்டர் ரொனால்ட் ரொஸ், அதன் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணி வளர்ந்திருப்பதைக் கண்டார். ஐந்து வருடம் கழித்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காய்ச்சல் எந்த வழியால் வருகிறது என்பது உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு 37 வருடங்கள் போயின. 1934 முடியும் வேளையில் பக்கத்துத் தீவான இலங்கையில் அந்தக் காய்ச்சல் கிளம்பியது. அப்போது தீவின் சனத்தொகை சுமார் 55 லட்சம். அவர்களில் குறைந்தது 15 லட்சம் பேரை அது பாயில் கிடத்தியது. சுமார் 80,000 பேர் மாண்டார்கள்.

நுளம்புதான் காரணம் என்று தெரிந்த பிறகும் இத்தனை பேர் எப்படி இறந்தார்கள்? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

இரண்டு வலயம், ஒரு நுளம்பு

எங்கள் அம்மம்மா மலேரியா என்ற சொல்லை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. "குலைப்பன்" என்பார். குலை நடுங்க வைத்த காய்ச்சலுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? நாலு போர்வை போர்த்தாலும் பல்லுக் கிட்டும். பிறகு உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். பிறகு வியர்த்துக் கொட்டி, ஆள் எழும்பி உட்கார்ந்து கஞ்சி கேட்பார். சுகமாகிவிட்டது என்று நினைக்கும்போது, ஒருநாள் விட்டு மறுநாள் அதே நேரத்துக்குக் குலைப்பன் திரும்பவும் வரும். ஒட்டுண்ணி செங்குருதிக் கலங்களுக்குள் பெருகி, ஏறக்குறைய 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வருவதால்தான் அந்த முறை என்பது அம்மம்மாவுக்குத் தெரியாது. ஆனால் நாளைக்கு எந்த நேரத்துக்குப் போர்வை எடுத்து வைக்க வேண்டும் என்பது தெரியும்.

இலங்கையை உலர் வலயம், ஈர வலயம் என்று பிரிப்பார்கள். வன்னியும் கிழக்கும் அநுராதபுரமும் பொலன்னறுவையும் உலர் வலயம். அங்கே குலைப்பன் வருடந்தோறும் வரும் விருந்தாளி. மாரி மழை பெய்து, குளம் நிறைந்து, வாய்க்கால் கசிந்து, பள்ளமெல்லாம் தண்ணீர் நிற்கும் மாதங்களில் அது பரவும். பிள்ளைகள் மீண்டும் மீண்டும் படுத்து எழும்பி, மண்ணீரல் வீங்கி, வயிறு முன்தள்ளி நிற்பார்கள். ஒரு ஊரில் நோய் எவ்வளவு என்று அறிய, அந்தக் காலத்து வைத்தியர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே கைவைத்துப் பார்ப்பார்கள். வீங்கிய மண்ணீரல் எத்தனை என்ற எண்ணிக்கைதான் அந்த ஊரின் காய்ச்சல் கணக்கு.

தென்மேற்கிலுள்ள ஈர வலயம் வேறு மாதிரி. அங்கே மழைக்குக் குறைவில்லை. களனி கங்கையும் மகா ஓயாவும் வருடம் முழுவதும் ஓடும். மழை கூடிய இடத்தில் நுளம்பும் கூட இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பக்கத்தில் மலேரியா குறைவு.

ஏன் என்பதற்கு விடை நுளம்பின் குணத்தில் இருக்கிறது. இலங்கையில் மலேரியாவை முதன்மையாகப் பரப்பியது அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற ஒரே இனம். 1920களில் பூச்சியியலாளர் கார்ட்டர் இங்கே செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. இந்த நுளம்புக்குச் சாக்கடை பிடிக்காது, ஓடும் ஆறும் பிடிக்காது. வெயில் படும், தெளிந்த, அசையாத தண்ணீர் வேண்டும். மணல் ஆற்றில் நீர் வற்றும்போது மிஞ்சும் குட்டை, பாறைக் குழியில் நிற்கும் தண்ணீர், மாட்டின் குளம்பு பதிந்த பள்ளம்: இவைதான் அது முட்டையிடும் இடங்கள். பெருக்கெடுத்து ஓடும் ஆறு குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும். ஈர வலயத்தைக் காத்துவந்தது அந்த ஓட்டம்தான்.

1934இல் ஓட்டம் நின்றது.

கேகாலை, குருநாகல்

அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி, மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் மணல் தெரிய வற்றின. ஆறு இருந்த இடத்தில் குட்டைகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் தெளிந்த நீர், மேலே வெயில். நுளம்புக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

வெள்ளம் வந்தால் சனம் பயப்படும். வற்றிய ஆற்றைப் பார்த்துக் காய்ச்சலுக்குப் பயப்பட யாரும் பழகியிருக்கவில்லை. பெண்கள் அந்தக் குட்டைகளில் துணி துவைத்தார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள். பொழுதுபடும் நேரத்தில் நுளம்பு கரையேறி வீட்டுக்குள் வந்தது.

ஒக்டோபர் கடைசியிலிருந்து டிஸ்பென்சரிகளில் கூட்டம் பெருகியது. டிசம்பரிலும் ஜனவரியிலும் நோய் உச்சத்துக்குப் போனது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள்தான் அதிகம் அடிபட்டன. உலர் வலயத்து மக்களுக்குச் சிறுவயதிலிருந்து பலமுறை வந்த காய்ச்சல், உடம்பில் ஓரளவு எதிர்ப்பை மிச்சம் வைத்திருந்தது. ஈர வலயத்து உடம்புகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரு வீட்டில் ஒருவர் படுத்தால் மற்றவர் பார்க்கலாம். முழு வீடும் படுத்தால் தண்ணீர் வார்த்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? கிராமங்கள் அந்த நிலைக்கு வந்தன. குழந்தைகளும் முதியவர்களும் முதலில் போனார்கள்.

காலமும் மோசமான காலம். உலகப் பொருளாதார மந்தத்தில் றபர், தேங்காய் விலை விழுந்திருந்தது. கூலி குறைந்து வயிறு காய்ந்திருந்தது. வரட்சியில் வயலும் பொய்த்தது. காய்ச்சல் வந்த உடம்புகளில் பல ஏற்கனவே பட்டினி கிடந்தவை.

அரசாங்கம் தற்காலிக மருத்துவ நிலையங்களைத் திறந்தது, குயினைன் விநியோகித்தது. அந்தக் கசப்பு மருந்து காய்ச்சலை இறக்கியது. ஆனால் சாப்பாடு இல்லாத உடம்பை எழுப்பி நிறுத்த அதனால் முடியவில்லை.

பருப்பு மகத்தயா

இந்த உண்மையைக் கிராமத்துக்குள் இறங்கிக் கண்டவர்களில் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் முக்கியமானவர்கள். சூரியமல் என்றால் நம்முடைய பூவரசம்பூ. முதல் உலகப்போர் நினைவாக நவம்பர் 11இல் விற்ற பொப்பிப் பூவின் பணம் பெரும்பாலும் பிரித்தானியாவுக்குப் போனதை எதிர்த்து, உள்ளூர்ப் பூவரசம்பூவை விற்றவர்கள் இவர்கள். காய்ச்சல் வந்தபோது பூவை வைத்துவிட்டு மருந்துப் பையைத் தூக்கினார்கள். டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன போன்றவர்கள் கேகாலைப் பக்கத்துக் கிராமங்களுக்கு நடந்தார்கள்.

குயினைன் மட்டும் போதாது என்று கண்டதும் அரிசி, பருப்பு, மார்மைட் என்று உடம்புக்குப் பலம் தரக்கூடியதைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். லண்டனில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்ற என்.எம். பெரேராவுக்கு அந்தக் கிராமங்கள் வைத்த பெயர் "பருப்பு மகத்தயா", அதாவது பருப்பு ஐயா. 1935 டிசம்பரில் இவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். 1936 தேர்தலில் கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தொகுதி அந்தப் பருப்பு ஐயாவை அரசாங்க சபைக்கு அனுப்பிவைத்தது. ஒரு தீவின் இடதுசாரி அரசியல் காய்ச்சல் பாயின் பக்கத்தில் வேர்விட்டது என்பதை இத்தொடரின் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மலேரியா எப்போதும் வெறும் நுளம்பின் கதையாக இருந்ததில்லை.

நம்முடைய கேள்விக்குத் திரும்புவோம். நுளம்பின் பெயர் 1934க்கு முன்பே தெரியும். அது எங்கே முட்டையிடும் என்பதும் தெரியும். ஆனால் அந்த அறிவு ஆய்வுக்கூடத்திலும் அலுவலகக் கோப்பிலும் இருந்தது. மகா ஓயாக் கரையில் குடம் நிரப்பப் போன பெண்ணிடம், "இந்தக் குட்டையை மூடு, வாய்க்கால் வெட்டி வடிய விடு" என்று சொல்ல ஆளில்லை. அவளுக்கு அது தெரிந்திருந்தால் ஆறு முழுவதையும் காத்திருக்க முடியாதுதான். தன் வீட்டுக்குக் கிட்டவுள்ள பத்துக் குட்டைகளையாவது தூர்த்திருப்பாள்.

அகப்பையும் வெள்ளைத் தட்டும்

அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க என்ன வேண்டும்? ஒரு அகப்பையும் ஒரு வெள்ளைத் தட்டும் போதும். மலேரியா ஊழியர்கள் இன்றும் இந்த முறையில்தான் குடம்பி தேடுகிறார்கள். வாசகர்களும் செய்து பார்க்கலாம்.

குட்டையை அணுகும்போது உங்கள் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. விழுந்தால் குடம்பிகள் சட்டென்று அடிக்குப் போய்விடும். சூரியனைப் பார்த்தபடி மெதுவாகப் போய், ஓரத்திலுள்ள புல்லுக்கும் பாசிக்கும் பக்கத்தில் அகப்பையைச் சரித்து, நீரை ஓடவிட்டு மொள்ள வேண்டும். வெள்ளைத் தட்டில் ஊற்றி, தண்ணீர் அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இப்போது சின்னப் புழுக்கள் மேலே வரும். தலைகீழாக, வால் மட்டும் நீர்மட்டத்தைத் தொட்டபடி சரிந்து தொங்கினால் அது வேறு வகை நுளம்பின் குடம்பி. நீர்மட்டத்தோடு ஒட்டி, ஒரு சின்னத் துரும்பு மிதப்பதுபோலப் படுத்துக் கிடந்தால் அது அனோபிலிஸ். மூச்சுவிட மற்றவற்றுக்கு வாலில் ஒரு குழாய் உண்டு, இதற்கு இல்லை. அதனால் உடம்பு முழுவதையும் மேற்பரப்பில் கிடத்தித்தான் மூச்சுவிட வேண்டும்.

வளர்ந்த நுளம்பையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். சாதாரண நுளம்பு சுவரில் சுவரோடு ஒட்டி இருக்கும். அனோபிலிஸ் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி, சுவரில் முள் குத்தியதுபோல் நிற்கும். டெங்குவைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது, அனோபிலிஸ் பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரை கடிப்பது. ஆகவே மலேரியாவுக்கு இரவில் நுளம்பு வலை முக்கியம். வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே செருகிவிட வேண்டும்.

இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். நோயாளியைக் கடித்த நுளம்பு மறுநாளே நோயைக் கொடுத்துவிடாது. ஒட்டுண்ணி அதன் உடம்பில் முதிர்ந்து உமிழ்நீருக்கு வந்துசேரப் பத்து முதல் பதினான்கு நாள் வரை எடுக்கும். அதுவரை அந்த நுளம்பு உயிரோடு இருக்க வேண்டும். அதைப் பத்து நாளைக்குள் சாகவைத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். 1946இல் இலங்கை செய்தது இதைத்தான்.

சுவரில் பூசிய வெண்மை

டிடிடியின் பூச்சிகொல்லும் தன்மையை 1939இல் சுவிற்சர்லாந்தின் போல் முல்லர் கண்டுபிடித்திருந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அது இலங்கைக்கு வந்தது. 1946இல் பதிவான மலேரியா நோயாளிகள் ஏறத்தாழ 28 லட்சம். அந்த வருடம்தான் வீடுகளுக்கு உள்ளே மருந்தடிக்கும் வேலை பெரிய அளவில் தொடங்கியது. இராஜேந்திரம், ஜெயவிக்கிரம போன்ற உள்நாட்டு வைத்தியர்கள் அதன் விளைவுகளைப் பதிந்துவைத்தார்கள்.

தண்ணீரை விட்டுவிட்டுச் சுவருக்கு ஏன் மருந்து? கியூலிசிபேசிஸ் வீட்டுக்குள் வந்து கடிக்கும் நுளம்பு. வயிறு நிறைய இரத்தம் குடித்தால் பாரத்தில் தூரம் பறக்காது, பக்கத்துச் சுவரில் உட்கார்ந்துவிடும். சுவரில் டிடிடி இருந்தால் அந்த இளைப்பாறலே அதன் முடிவு. ஒருமுறை அடித்தால் மாதக்கணக்கில் வேலை செய்யும்.

மருந்தடிக்க வரும் நாளில் வீடு தலைகீழாகும். பானை, சட்டி, அரிசி மூட்டை, தொட்டில் சீலை, சாமிப் படம் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். காக்கி உடுப்புக்காரர் முதுகில் பம்பைச் சுமந்து உள்ளே போவார். மண்சுவரிலும் கூரையின் உட்புறத்திலும் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக மருந்து படியும். காய்ந்த பிறகு ஒரு வெள்ளைப் படலம் மிஞ்சும்.

அதற்குப் பிறகுதான் கற்பித்தல் தொடங்க வேண்டும். தைப்பொங்கலோ சித்திரை வருடமோ வந்தால் சுவருக்குச் சாணமும் களிமண்ணும் மெழுகுவது நம் வீடுகளின் வழக்கம். மெழுகினால் மருந்து மறைந்துவிடும். நுளம்பு சுகமாக மெழுக்கின் மேல் உட்காரும். சுத்தமான வீடு வேண்டும் என்று பெருமையோடு மெழுகிய கையே மருந்தை மூடிவிடுகிறது. "மெழுகாதே" என்று உத்தரவு போட்டால் எந்த வீட்டுக்காரி கேட்பாள்? நுளம்பு எங்கே உட்காருகிறது என்று இரவில் விளக்கைப் பிடித்துக் காட்டினால் கேட்பாள். காரணம் தெரிந்த வீட்டில் மெழுக்கு மருந்தடிக்கு முன்பே முடிந்துவிடும்.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20 பேர் அளவில் இருந்த இறப்பு வீதம், 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. அந்த இறக்கம் முழுவதும் டிடிடியால் வந்ததா, ஆஸ்பத்திரிகளும் உணவும் பெருகியதால் வந்ததா என்று சனத்தொகை ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். இரண்டுக்கும் பங்கு உண்டு என்பதே நியாயம். உலர் வலயத்தில் குடியேற்றங்கள் பெருகின. காய்ச்சலுக்குப் பயந்து யாரும் போகாத குளக்கரைகளில் வயல் விளைந்தது. 1958இல், உலக சுகாதார நிறுவனத்தின் அழைப்பை ஏற்று, இலங்கை மலேரியாவை முற்றாக ஒழிக்கும் திட்டத்தில் இறங்கியது.

பதினேழு

1963. நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். 28 லட்சம் எங்கே, 17 எங்கே! உலகமே இலங்கையை எடுத்துக்காட்டாகச் சொன்னது. மருந்தடி நிறுத்தப்பட்டது.

மருந்தடியை நிறுத்தியது மட்டும் பிழை என்று சொல்வது சுலபம். நோயே இல்லாத இடத்தில் எத்தனை வருடத்துக்குச் சுவரில் நஞ்சு அடிப்பது? நிறுத்தும்போது அதன் இடத்தில் இன்னொன்றை நிறுத்தியிருக்க வேண்டும். அது இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் என்று வரும் ஒவ்வொருவரின் விரல் நுனியிலும் ஊசி குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் எடுத்துப் பார்க்க வேண்டும். பதினேழு பேரோடு நோய் அடங்கிய நாட்டில் இந்த வேலை சலிக்கும். ஆயிரம் கண்ணாடிகள் பார்த்தாலும் ஒன்றிலும் ஒட்டுண்ணி இல்லாதபோது, ஆயிரத்து ஓராவதை எடுக்கக் கை வராது. வைத்தியர் கேட்பதை விட்டார், நோயாளி சொல்வதை விட்டார், எட்டிப்போன காய்ச்சல் ஒன்றைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

அதற்குள் மழை குறைந்த வருடங்கள் வந்தன. ஆறுகளில் மறுபடியும் குட்டைகள் தோன்றின. மாணிக்கம் தோண்டியவர்கள் விட்டுப்போன குழிகளிலும் தண்ணீர் நின்றது. 1967 முடிவிலிருந்து நோய் ஏறியது. 1969இல் மட்டும் 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் படுத்தார்கள். மருந்தைத் திரும்ப எடுத்தபோது டிடிடிக்கு நுளம்பு பழகிக்கொண்டிருந்தது. 1977இல் மலத்தியனுக்கு மாற வேண்டியிருந்தது.

1934இல் சனத்துக்குத் தெரியாததால் இறந்தார்கள். 1969இல் தெரிந்தது மறந்துபோனதால் படுத்தார்கள். இந்த இரண்டாவது இழப்புத்தான் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. 1946இல் வீட்டைக் காலிசெய்து முற்றத்தில் நின்ற தாய்மாருக்கு 1967இல் நாற்பது, ஐம்பது வயது. காய்ச்சலின் முகம் அவர்களுக்குத் தெரியும். அவர்களின் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும்படி எவரும் கேட்கவில்லை.

போருக்கு நடுவே ஒரு துளி

எழுபதுகளும் எண்பதுகளும் ஏற்ற இறக்கமாகக் கழிந்தன. இதற்கிடையில் போர் வந்தது. இடம்பெயர்ந்த சனம் மரத்தடியிலும் தறப்பாள் கொட்டிலிலும் படுத்தது. வலை கட்ட நான்கு கம்பு இல்லாத இடத்தில் நுளம்புக்கு வேலை சுலபம். 1995 கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் போனவர்களில் பலர், திரும்பி வரும்போது இரத்தத்தில் குலைப்பனையும் கொண்டுவந்தார்கள். 1999இல் நாடு முழுவதும் 2 லட்சத்து 64 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் பதிவானார்கள். வடக்கும் கிழக்கும்தான் அதில் பெரும்பங்கைச் சுமந்தன.

அந்த எண் அடுத்த பன்னிரண்டு பதின்மூன்று வருடத்தில் இல்லாமல் போனது. அதுவும் போர் முழுவதுமாக முடிவதற்கு முன்பே பெரும்பகுதி இறங்கிவிட்டது. மருந்து ஊறிய வலைகள் வந்தன. மருந்தடி நோய் உள்ள இடங்களைப் பார்த்துச் செய்யப்பட்டது. சர்வோதயம் போன்ற அமைப்புகள் கிராமங்களில் வலை கொடுத்து, அதை எப்படிக் கட்டுவது என்றும் காட்டின. எல்லாவற்றுக்கும் மேலாக, 1960களில் கைவிட்ட அந்த ஒரு துளி இரத்தத்தை மலேரியா தடுப்பு இயக்கம் திரும்பப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி எட்டாத ஊர்களுக்கு நடமாடும் பரிசோதனைக் குழுக்கள் போயின. அகதி முகாம், சேனைப் பயிர்க் கொட்டில், மாணிக்கக் குழி, இராணுவ முகாம் என்று சனம் இருக்கும் இடத்துக்கே நுணுக்குக்காட்டி போனது.

அந்த வேலையைச் சற்றுக் கிட்ட நின்று பாருங்கள். விரல் நுனியைத் துடைத்து ஊசியால் ஒரு குத்து. கண்ணாடித் தட்டில் ஒரு பக்கம் தடிப்பாக ஒரு சொட்டு, மறுபக்கம் மெல்லிதாக இழுத்த ஒரு பூச்சு. தடித்த சொட்டு நோய் இருக்கிறதா என்று சொல்லும், மெல்லிய பூச்சு எந்த வகை என்று சொல்லும். சாயம் ஊற்றி, கழுவி, காயவைத்து, எண்ணெய் ஒரு துளி விட்டு, நுணுக்குக்காட்டியில் கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்ப்பார்கள். நூறு கட்டம் பார்த்து ஒன்றும் இல்லாவிட்டால்தான் "இல்லை" என்று எழுதலாம். நீல நிறத்தில் ஒரு சின்ன மோதிரமும் அதன் விளிம்பில் சிவப்புக் கல்லும் போல ஏதாவது தெரிந்தால், அந்த வீட்டைத் தேடி ஆள் புறப்படும். சுற்றியுள்ள வீடுகளிலும் இரத்தம் எடுப்பார்கள்.

வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி ஈரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்தும் எழும்பும். அதை அழிக்க 14 நாள் பிரைமாகுயின் விழுங்க வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவது மனித சுபாவம். ஆகவே மருந்து கொடுப்பவர், "காய்ச்சல் போனாலும் கிருமி போகவில்லை, ஈரலில் படுத்திருக்கிறது" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டியிருந்தது.

2012இல் உள்ளூரில் தொற்றியவர்கள் 23 பேர். அந்த ஒக்டோபருக்குப் பிறகு ஒருவரும் இல்லை. அந்த நிலை மூன்று வருடத்துக்கு மேல் நிலைத்ததைப் பரிசோதித்து, 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

பேசாலைக் கிணறு

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் சான்றிதழ் கிடைத்த அதே 2016இன் டிசம்பரில் மன்னார்த் தீவில், பேசாலைப் பக்கத்தில், இலங்கையில் அதுவரை காணாத ஒரு நுளம்பு அகப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டெபன்சி. கடலுக்கு அந்தப் பக்கம், சென்னை போன்ற நகரங்களில் நெடுங்காலமாக மலேரியாவைப் பரப்புவது இதுதான். அங்கே கொசு என்பார்கள், இங்கே நுளம்பு என்போம். அதற்கு இரண்டு கரையும் ஒன்று.

பழைய பகைவன் ஆற்றுக் குட்டையை நாடியவன். புதியவனுக்கு வீட்டுக் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும். ஆறில்லாத மன்னார்த் தீவிலும் யாழ்ப்பாணத்திலும் வாழக்கூடியவன். 1934இன் பாடத்தை அப்படியே எடுத்துவந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றால் இவன் பின்வளவால் வந்துவிடுவான். சுகாதார ஊழியர்கள் கிணறு கிணறாகத் தேடினார்கள். குடம்பி தின்னும் கப்பி மீன்களை விட்டார்கள், தேவையான இடத்தில் வலையால் மூடினார்கள். குடிக்கிற கிணற்றுக்குள் மீனா என்று முகம் சுளித்த வீட்டுக்காரருக்கு, வாளியில் மொண்ட தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காட்டினால் வேறு விளக்கம் தேவைப்படாது.

நுளம்பு இருந்தால் மட்டும் மலேரியா வந்துவிடாது, ஒட்டுண்ணியும் வேண்டும். அது இப்போது விமானத்திலும் படகிலும் வருகிறது. மாணிக்க வியாபாரத்துக்கு ஆபிரிக்காவுக்குப் போனவர், அமைதிகாக்கும் படையில் இருந்து திரும்பிய சிப்பாய், இந்தியாவுக்குத் தலயாத்திரை போய்வந்தவர், வேலைக்கு இங்கே வந்தவர் என்று ஒவ்வொரு வருடமும் பல பேரின் இரத்தத்தில் அது வந்து இறங்குகிறது. 2018 முடிவில் மொனராகலையில், வெளியிலிருந்து வந்த ஒருவரின் நோய் உள்ளூர் நுளம்பு வழியாக இன்னொருவருக்குத் தொற்றியதும் நடந்தது. உடனே கண்டுபிடித்ததால் அது அந்த ஒருவரோடு நின்றது.

ஆகவே இன்று நம் வீடுகளில் சொல்லிக்கொடுக்க வேண்டியது மிகச் சிறியது. மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவர், போகுமுன் மலேரியா தடுப்பு இயக்கத்திடம் கேட்டால் தடுப்பு மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். போன இடத்தில் இரவில் வலைக்குள் படுக்க வேண்டும். திரும்பி வந்து காய்ச்சல் கண்டால், வந்து ஆறு மாதமானாலும் ஒரு வருடமானாலும், வைத்தியரிடம் முதல் வசனமாக, "டொக்டர், நான் இன்ன நாட்டுக்குப் போய்வந்தேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். இன்றைய இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதில்லை. டெங்கு என்று நினைத்து இரண்டு நாள் கழிந்துவிடலாம். பல்சிபாரம் வகை மலேரியாவுக்கு அந்த இரண்டு நாள் உயிரைக் கொண்டுபோகப் போதும்.

அம்மம்மாவின் ஊர்க் கிணறு இப்போதும் இருக்கிறது. சென்ற விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, வாளியில் அள்ளிய தண்ணீரை ஒரு வெள்ளைப் பீங்கானில் ஊற்றி வைத்தேன். நிழல் விழாமல் தள்ளி நிற்கச் சொன்னேன். தண்ணீர் அடங்கியது. ஒன்றும் அசையவில்லை. "ஒன்றும் இல்லையே" என்றாள் சின்னவள், ஏமாற்றத்தோடு. இல்லை என்பதை அறியத்தான் பார்க்கிறோம் பிள்ளை, அடுத்த கிழமையும் பார்க்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, ஆறு வற்றிய வருடத்திலிருந்து கதையைத் தொடங்கினேன்.

(தொடரும்)

அடுத்த அத்தியாயம்: வியட்நாம் போர்க் காலத்தில், பழைய மருத்துவச் சுவடிகளிலிருந்து ஒரு செடியைத் தேடி எடுத்த சீன விஞ்ஞானி தூ யூயூ.